ஆம் அல்லது இல்லை

நேற்றிரவு ஆயர் ஈத்தாம் வீட்டில்
மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
இருபத்திரண்டு சொற்களுக்குத் தமிழ் தேடினேன்.
பதினேழுக்குக் கிடைத்தது.
எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாத மாவுக்குக்
கூட்டிவைப்பான் என்று நானே பெயர் வைத்தேன்.
காலையில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

உயர்நீதிமன்றம், லைட் ஸ்திரீட்.
வெளியே கடற்காற்று, உள்ளே ஏர்கோன்.
சாட்சிக் கூண்டில் தவமலர், ஏகாம்பரம் மகள்,
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பன்னிரண்டு வருடமாக இரவு ஷிப்ட்.
நெல்மணியில் பாதியளவு சில்லில்
கீறல் கண்டுபிடிக்கிற கண்கள்,
பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருநாளும் படித்ததில்லை
என்று ஒப்புக்கொண்டன.

மகன் யுகேந்திரன், பதினைந்து வயது,
கோப்பில் முதல் வாதி.
அவன் ஈரல் பி-4. அவன் சர்க்கரை பி-5.
பி-11 பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பாக்கெட்,
அதன் மேல் ஒரு கோழி
சிரித்துக்கொண்டிருக்கிறது.

நிறுவனத்தின் வக்கீல் பிரேமானந்தன்
சிரம்பானில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். எனக்குத் தெரியும்.
அவர் மலாயில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன்,
அவள் பதிலை எனக்கு முன்பே புரிந்துகொண்டு
என் மலாய்க்காகக் காத்திருப்பவர்போல்
பேனா மூடியைத் திருகினார்.

உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

"ஆறு மணிக்கு கிலாங் பஸ் வந்துடும்.
ராத்திரிக்கு அவனே சுடுதண்ணி ஊத்திக்குவான்."

ஆம் அல்லது இல்லை.

"ஒரு வெள்ளி இருபது காசு.
கோழி வாங்கினா பத்து வெள்ளிக்கு மேல."

யாங் ஆரிஃப், சாட்சி பதில் சொல்லவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள்.
எல்லாச் சாட்சிகளும் என்னைத்தான் பார்க்கிறார்கள்,
கேள்வி என்னுடையது என்பதுபோல.
"இல்ல," என்றாள்.
தீடாக், என்றேன். தட்டச்சு ஓடியது.
அப்புறம் மெதுவாக:
"வளரும் பிள்ளைகளுக்குன்னு போட்டிருந்துச்சு, தம்பி.
அந்த எழுத்து மட்டும் பெருசா இருந்துச்சு."
மலாயில் தம்பியை விட்டுவிட்டேன்.

மதியம் கேன்டீனில் மீஹூன் தீர்ந்திருந்தது.
என் மேசை இழுப்பறையில் எப்போதும் மூன்று கிடக்கும்.
அதே கோழி.
தூள் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து
வெந்நீர் ஊற்றி, மூடியின் மேல்
இருபத்திரண்டு சொற்களின் தாளை வைத்தேன், பறக்காமலிருக்க.
சூப்பையும் குடித்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

பிற்பகலில் நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்றை
ஆங்கிலத்தில் படித்தார்கள்.
கூண்டைவிட்டு இறங்கியிருந்த தவமலரின் காதருகே
குனிந்து சொல்லிக்கொண்டே வந்தேன்:
நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்திருக்கிறார்கள்.
ஆளுக்கொரு கிண்ணம்.
உப்பைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி,
மறுபடி ஏற்றி.
நாலாவது அளவில்
முப்பத்தொரு கைகள் இரண்டாவது கிண்ணத்துக்கு நீண்டன.
அதன் கீழே ஒரு சொல் எழுதியிருந்தது:
போதும்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.
"எண்ணிப் பாத்தாங்களா?"

நான் பேசாமலிருந்தேன். அது என் வேலையில்லை.

"நான் குடுத்தேன் குடுத்தேன்னு
ரெண்டு வருஷமா தூங்கல, தம்பி.
அவங்க உக்காந்து எண்ணியிருக்காங்க."

இது பதிவில் இல்லை.
கூண்டில் சொல்லாததைக் கோப்பு கேட்பதில்லை.
கூட்டாமல் குறைக்காமல் பெயர்ப்பேன் என்று
பதினான்கு வருடமாக ஒவ்வொரு வழக்கிலும்
வலது கையைத் தூக்கியிருக்கிறேன்.
வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.
பிரேமானந்தன் அவளைக் கடக்கையில்
"வரேம்மா" என்றார், சுத்தமான தமிழில்,
சொன்ன பிறகே அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும்,
வேகமாக நடந்தார்.

வராந்தா பெஞ்சில் பள்ளிச் சட்டையோடு யுகேந்திரன்.
கழுத்தின் பின்னே கறுத்த மடிப்பு,
மடியில் தண்ணீர்ப் போத்தல்.
"அங்கிள், அம்மா உள்ள அழுதாங்களா?"

இல்லை, என்றேன்.

இன்று நான் குறைத்தது இது ஒன்று.
அந்தத் தம்பியைச் சேர்த்தால்
இரண்டு.